சனிக்கிழமைக் கேள்விகள்

ஜூன் 3, செவ்வாய்

கீழ்வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தைய பல். காலையிலிருந்து விண்விண் என்று தெறிக்கிறது. அலுவலகத்தில், நகரக் குழாய் வரைபடத்தில், ஒரு தெரு முழுக்கக் குடிநீர்க் குழாயைச் சாக்கடையின் நிறத்தில் வரைந்து வைத்திருக்கிறேன். மேனேஜர் என் திரையைப் பார்த்துவிட்டு, "அந்தத் தெருவுல உங்களுக்கு வேண்டாதவங்க யாராவது இருக்காங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

அம்மா: "குருவி வேல பாக்கற பல் ஆஸ்பத்திரிக்கே போயேன். தெரிஞ்சவ இருக்கும்போது எதுக்கு அல்லாடற?"

குருவி. விடுதியில் மூன்று வருடம் ஒரே அறை. விடிவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவாள், அதனால் அந்தப் பெயர். இப்போது நகரத்தின் மறுகோடியில், ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில். நேரில் பார்த்துப் பல மாதம் ஆகிறது. ஆனால் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவள் போன் வந்துவிடும். என்ன பண்ணினாய், என்ன படித்தாய், செடி எப்படி, அம்மா எப்படி. முக்கால் மணி நேரம். வாரத்தில் நான் மனுஷியாக இருக்கிற முக்கால் மணி நேரம் அதுதான் என்று தோன்றும். அவளிடம் சொன்னதில்லை.

ஜூன் 5, வியாழன்

போனேன். சொல்லாமல் போய் நிற்கலாம் என்று நினைத்தேன். குருவிக்கு இன்று விடுமுறையாம். மேசையில் நர்ஸ் அக்கா ஒருவர்.

எனக்கு முன்னால் ஒரு பெரியவர். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நர்ஸ் அக்கா அவருடைய அட்டையை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். "என்ன சார், பொண்ணு டிரைவிங் டெஸ்ட் பாஸ் பண்ணிட்டாங்களா?" பெரியவரின் முகம் மலர்ந்தே போயிற்று. மூன்றாவது தடவையில் பாஸ் ஆன கதையைச் சொல்லிக்கொண்டே உள்ளே போனார். பயம் போன இடம் தெரியவில்லை.

"எங்க டாக்டரோட ஏற்பாடு" என்றார் நர்ஸ் அக்கா என்னிடம், கொஞ்சம் பெருமையாக. "போன தடவ பேசினத பென்சில்ல எழுதி வெச்சுடுவோம். வரவங்களுக்கு நம்ம வீடு மாதிரி இருக்கும்ல?"

பெயர் கேட்டார். சொன்னேன். இழுப்பறையைத் துழாவி, "நீங்க ஏற்கெனவே வந்திருக்கீங்களே, கார்டு இருக்கே" என்று ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

முன்பக்கம் முப்பத்திரண்டு பற்களும் வெறும் வட்டங்கள். பின்பக்கம் குருவியின் கையெழுத்து.

அம்மா முட்டி வலி. கேட்கவும்.
ரோஜாத் தொட்டியில் பூச்சி. போச்சா?
படம் வரைவது பற்றி நாமாக எடுக்க வேண்டாம்.
பேச்சு நின்றால் மேனேஜர்.

அதற்குக் கீழே தேதிகள். பிப்ரவரியிலிருந்து. எல்லாம் சனிக்கிழமைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண். 6. 4. 9. 9. 15. 22. கடைசியில், போன வாரத்துக்கு, 31.

"அவசரமா ஒரு வேல வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பல் இன்னும் வலிக்கிறது என்று தெரிந்தது.

ஜூன் 6, வெள்ளி

பேச்சு நின்றால் மேனேஜர்.

ஜூன் 7, சனி

ஆறு மணி. "என்னடி, உயிரோட இருக்கியா?" அதே குரல்தான். முதல் கேள்வி அம்மாவின் முட்டி. இரண்டாவது ரோஜா. நாடகத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. நான் வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று...

"அப்புறம், உங்க மேனேஜர் என்ன சொல்றாரு?"

அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா? இரண்டும் இல்லை. வாய் தானாகத் திறந்து ஒன்றைச் சொல்லியது.

"நான் நாளையிலேருந்து நீச்சல் கத்துக்கப் போறேன்."

"ஐயோ! நீயா?"

"ஆமா. எங்க பக்கத்து மாநகராட்சிக் குளத்துல. வாசல்ல போர்டு போட்டிருக்காங்க, ஞாயித்துக்கிழம காலைல ஏழு மணி."

ஏன் சொன்னேன்? அட்டையில் இல்லாத ஒன்றை அவள் கையில் கொடுத்துப் பார்க்கத்தான். எழுதிக்கொள்கிறாளா பார்ப்போம் என்று. பென்சில் ஓசை கேட்குமா என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். எதுவும் கேட்கவில்லை. சும்மா மூச்சு.

ஜூன் 10, செவ்வாய்

அந்த எண்கள். பேசிய நிமிடங்களாக இருக்க முடியாது, எப்போதும் முக்கால் மணி நேரம் பேசுகிறோம். மதிப்பெண்ணா? அப்படியென்றால் நான் தேறிக்கொண்டு வருகிறேனா, தேறாமல் போகிறேனா?

ஒருவரை நினைவில் வைத்துக்கொள்வது அன்பு. எழுதி வைத்துக்கொள்வது? அதுவும் அன்புதானே என்று காலையில் தோன்றியது. மத்தியானம் தோன்றவில்லை.

ஜூன் 14, சனி

"நீச்சல் எப்படிப் போவுது?" என்றாள், முட்டிக்கும் முன்னால்.

சொன்னேன். நீல ஓடு, நீலத் தண்ணீர், விசில் ஊதும் பயிற்சியாளர். மூக்கில் தண்ணீர் போனதா என்று கேட்டாள். "போச்சு, சும்மா கூசுச்சு" என்றேன். குழாய் வரைபடத்தில் அந்தக் குளத்தை நான்தான் வரைந்தேன். தண்ணீர் எந்த மூலையில் உள்ளே வருகிறது, எந்த மூலையில் வெளியே போகிறது, ஆழம் எவ்வளவு, எல்லாம் தெரியும். தண்ணீரைத்தான் பார்த்ததில்லை.

"நெஜமாவே பெரிய ஆளுடி நீ" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. பொய் சொன்ன எனக்கு வெட்கம் வரவேண்டும். வந்தது சந்தோஷம். இது என்ன பிறவி?

ஜூன் 21, சனி

"மிதக்கறேன்" என்றேன்.

போனை மறு காதுக்கு மாற்றினாள் போல, ஏதோ உரசியது. பிறகு, "அது எப்படிடி இருக்கும்?"

ஜூன் 26, வியாழன்

உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டே யோசித்தேன். குருவிக்கு நான் ஓர் அட்டை போட்டால் அதில் என்ன எழுதுவேன்? உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்.

சர்க்கரை இல்லாத டீ.
தம்பி படிக்கிறான். (என்ன படிக்கிறான்?)
லிஃப்ட்காரர்.

லிஃப்ட் மெக்கானிக், குருவியோடு ஆறு வருடப் பழக்கம், இந்த வருடம் கல்யாணம் என்றார்கள். கடைசியாக அவரைப் பற்றி எப்போது பேசினோம்? இந்த நாட்குறிப்பையே பின்னோக்கிப் புரட்டினேன். மே, ஏப்ரல், மார்ச். எல்லாச் சனிக்கிழமையும் இருக்கிறது. ஏன் வரைவதை நிறுத்தினேன், ஏன் காலையில் எழ முடியவில்லை, ஏன் எதற்கும் சிரிப்பு வரவில்லை. பக்கம் பக்கமாக நான். லிஃப்ட்காரர் ஜனவரியோடு காணாமல் போயிருக்கிறார்.

கேட்கலாம். இப்போதே போன் போட்டுக் கேட்கலாம். போடவில்லை.

ஜூன் 28, சனி

"ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"என்ன?"

"நானும் சேந்துட்டேன்."

"எதுல?"

"நீச்சல்ல. உன் குளத்துலதான், ஞாயித்துக்கிழம ஏழு மணிக்கு. நாளைக்கு வரேன். ரெண்டு பஸ் மாறணும், பரவால்ல."

சுற்றுலாவில் ஆற்றுக்குப் போனபோது முழங்காலுக்கு மேல் நனையாமல் கரையில் நின்று எல்லோருடைய செருப்பையும் காவல் காத்தவள்.

"உனக்குத் தண்ணின்னாலே பயமாச்சே" என்றேன்.

"ஆமா. ஆனா படுக்கைய விட்டு எந்திரிக்கவே நாலு தடவ யோசிக்கற நீயே போறன்னா, எனக்கென்ன கேடு?"

என்ன செய்வது என்று தெரியவில்லை. காய்ச்சல் என்று சொல்லலாமா? குளத்தை மூடிவிட்டார்கள் என்று? ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னும் எத்தனை?

ஜூன் 29, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

குருவி எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றாள். மெலிந்திருந்தாள். புதுத் தொப்பியை அங்கேயே மாட்டிக் காட்டி, "அவிச்ச முட்ட மாதிரி இருக்கேனா?" என்றாள். பயிற்சியாளர் அம்மா ஒரு படிவத்தை என் பக்கம் நீட்டி, "நீங்க புதுசா? இத எழுதிக் குடுங்க" என்றார்.

"மேடம், இவ மூணு வாரமா வராளே. இவள வெச்சுத்தான் நானே சேந்தேன்."

"மூணு வாரமாவா? நான் பாத்ததே இல்லயே."

குருவி என்னைப் பார்த்தாள். இன்னும் சிரித்த முகம். ஏதாவது வேடிக்கை சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிற முகம்.

"வரல. ஒரு நாளும் வரல" என்றேன்.

அவள் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் இரும்புப் பிடியைப் பிடித்தபடி முதல் படியிலேயே நின்றாள். பிறகு இரண்டாவது. தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். நான்தான் அவளை அங்கே நிறுத்தியிருக்கிறேன். பக்கத்தில் நான் இல்லை.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்டி?"

"உன் கார்டப் பாத்துட்டேன்."

"தெரியும். ஒரு பொண்ணு வந்துச்சு, கார்டப் பாத்துச்சு, ஓடிடுச்சுன்னு நர்ஸக்கா அடுத்த நாளே சொல்லிட்டாங்க. நீயா கேப்பேன்னு பாத்தேன்."

"நான் என்ன, உங்க பேஷன்ட்டா?"

"கடைசி ஆளு போனப்புறம் அந்த மேசைலேருந்துதானே பேசறேன். கைல கெடச்சது அந்த அட்டதான். கேக்க மறந்துடக் கூடாதேன்னு எழுதுனேன். என் தல அப்ப என்கிட்ட இல்ல."

"அந்த நம்பரெல்லாம்?"

"நீ மொதல் தடவ சிரிக்க எத்தன நிமிஷம் ஆச்சுன்னு. மொதல்லாம் நாலு, ஆறு. அப்புறம் ஏறிக்கிட்டே போச்சு. முப்பத்தொண்ணு ஆனப்ப எனக்கு பயமாயிடுச்சு. அடுத்த வாரமே நீச்சல்னு சொன்ன. வீட்டுக்குப் போற வழியெல்லாம் தனியா சிரிச்சுக்கிட்டுப் போனேன் தெரியுமா?"

எப்போதோ கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டேன்.

"லிஃப்ட்காரர்?"

"பிப்ரவரியிலேயே முடிஞ்சுபோச்சு. ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. நடு மாடியில நின்னுடுச்சு." பழக்கதோஷத்தில் வேடிக்கை வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கலயே."

ஈரத்துண்டை மடித்தாள். மறுபடி உதறி மடித்தாள்.

"சனிக்கிழம ஒருத்திய சிரிக்க வெக்கணும். எனக்கு அது ஒண்ணுதான் வேலயா இருந்துச்சு. அதுக்காகத்தான் தெனமும் எந்திரிச்சேன். நான் எழுதி வெச்சுக் கேட்டேன், சரி, தப்புதான். ஆனா கேட்டது நெஜம். நீ எதையும் எழுதி வெக்காம சொன்ன. அத்தனையும் பொய்."

எழுந்து நிறுத்தத்துக்கு நடந்தாள், நானும் பின்னாலேயே. பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

ஜூலை 5, சனி

ஆறு. ஆறரை. ஏழு.

ஜூலை 6, ஞாயிறு

படிவத்தை எழுதிக் கொடுத்து இறங்கினேன். குருவி வரவில்லை. தண்ணீர் நீலம் இல்லை, பச்சை. மூக்கில் போனால் கூசாது, பின்மண்டை வரைக்கும் எரியும். நான் சொன்னது ஒன்றுகூடச் சரியில்லை.

யாருக்காக இறங்கினேன்? மன்னிப்பா? அவள் பார்க்காத மன்னிப்பு எதற்கு?

ஜூலை 12, சனி

நான் போன் போட்டேன். பிப்ரவரிக்குப் பிறகு, ஒருவேளை அதற்கு முன்பிருந்தே, முதல் தடவை.

"சொல்லு" என்றாள்.

"எப்படி இருக்க?"

"சும்மா கேக்கறியா, நெஜமா கேக்கறியா?"

"தெரியல. கேக்கறேன்."

அவள் பேசவில்லை. இதற்கு முன்னால் நான் உடனே என் கதையை எடுத்திருப்பேன். நாக்கு நுனிக்கு வந்தும் விட்டது. பல் வலியையாவது சொல்லலாம். பல்லைக் கடித்துக்கொண்டேன், உயிர் போயிற்று.

கடைசியில், "தம்பி ரூமக் காலி பண்ணிட்டுப் போயிட்டான், அவனுக்கு வேல கெடச்சிருச்சு" என்றாள். அங்கிருந்து ஆரம்பித்தாள். கோர்வையாக இல்லை. பாதியில் நின்றாள், வேறு எங்கோ போனாள். பல இடங்களில் எனக்குப் புரியவில்லை. லிஃப்ட்காரர்மீது கோபமா, இன்னும் பிரியமா? அவளுக்கே தெரியவில்லை. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. "ம்" என்றேன். ஒரு மணி நேரம் "ம்".

வைக்கும்போது, "அந்தப் பல்ல என்ன பண்ண?" என்றாள்.

"எந்தப் பல்?"

"ஊர்ல இல்லாத அதிசயமா நீ ஆஸ்பத்திரிக்கு வந்தியே, சும்மா காத்து வாங்கவா வந்த?"

ஜூலை 17, வியாழன்

பல்லை அடைத்தாயிற்று. "உக்காருங்க, கூப்பிடுவோம்" என்றாள் குருவி, யாரோ போல. கோபமா, விளையாட்டா? இருபது நிமிடம் குழம்பினேன். உள்ளே கூப்பிட்டபோது மேசையிலிருந்தே டாக்டருக்குக் குரல் கொடுத்தாள்: "சார், இவ வாயத் தொறந்தா மூட மாட்டா. பாத்துக்கோங்க."

அப்படியென்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தமா? கேட்கவில்லை. வாயில் மரமரப்பு.

ஜூலை 27, ஞாயிறு

குளத்துக்கு வந்தாள். ஆழமில்லாத பக்கம், சுவரைப் பிடித்தபடி, எட்டு வயதுப் பெண்களுக்கு நடுவே இருவரும் காலை உதைத்தோம். ஒரு வாண்டு எங்களிடம், "ஆன்ட்டி, நீங்க ரெண்டு பேரும் ஃபெயில் ஆயிட்டீங்களா?" என்று கேட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

குளத்திலிருந்து வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அவளுக்கு ஒரு செய்தி வந்தது. லிஃப்ட்காரருக்கு அடுத்த மாதம் கல்யாணம். அவரே அனுப்பியிருந்தார். எனக்குக் காட்டினாள். "பாரு, எழுத்துப்பிழை இல்லாம அனுப்பியிருக்கான், முன்னேறிட்டான்" என்று ஆரம்பித்தாள். முடிக்க முடியவில்லை. நிழற்குடையின் பெஞ்சில் உட்கார்ந்து, பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பத்து வருடப் பழக்கத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

சொல்ல ஒரு வேடிக்கை தயாராக இருந்தது. நன்றாகக்கூட இருந்தது. சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முடியிலிருந்து என் தோளில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

முதல் பஸ் வந்தது, போயிற்று. இரண்டாவது. மூன்றாவதில் ஓட்டுநர் எங்களைப் பார்த்தார். நான் கையசைத்துப் போகச் சொன்னேன். நான்காவதில் இரண்டு இடம் இருந்தது.