மேற்கே வைத்த தொட்டி

செவ்வாய்க்கிழமை, இரவு

பக்கத்து வீட்டு ராஜகோபால் சார் சாயங்காலம் என் மாடிக்கு ஏறி வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஹாம் ரேடியோ பைத்தியம். யாரோ கழற்றிப் போட்ட டிவி டிஷ்ஷைத் தன் மாடியில் வைத்துக்கொண்டு, மேற்கே வெகு உயரத்தில் அசையாமல் நிற்கும் ஒரு செயற்கைக்கோள் வழியாகத் தேசம் தேசமாகப் பேசுகிறவர். ஓடுகிற செயற்கைக்கோளை டிஷ்ஷைத் திருப்பித் திருப்பித் துரத்தத்தான் காசு ஆகும், இதற்கு ஆகாது என்பார்.

அந்தத் திசையை மறைத்துத்தான் போன வாரம் தண்ணீர்த் தொட்டி வைத்தேன்.

“செல்வம், நாலடி தள்ளி வைங்களேன். ஒரு குரல்கூட கேக்கல.”

“கன்னி மூலை சார். வாஸ்து.”

“நீங்க எப்பலேர்ந்து வாஸ்து பாக்கறீங்க?”

லேசுப்பட்ட மனுஷன் இல்லை. எனக்கு வாஸ்துவில் துளி நம்பிக்கை கிடையாது. அவர் வீடு கிடைத்தால் என் அரிசி குடோனைத் தெருமுனைவரை நீட்டலாம்; பலமுறை விலைக்குக் கேட்டும் தரவில்லை. மகன் கூப்பிட்டும் அவர் சென்னைக்குப் போகாததற்கு ஒரே காரணம், அந்த ஃபிளாட்டில் டிஷ் வைக்க விடமாட்டார்கள். இங்கேயும் பேச முடியாதென்றால் எதற்காக இருக்கப்போகிறார்?

தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். “சரி, வீட்டை எடுத்துக்குங்க. ஒரே ஒரு நாள் இதை நகர்த்துங்க. ரேடியோல பேசறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுப் போயிடறேன்.”

“பத்திரம் பதிஞ்சதும் நகர்த்திடலாம் சார்.”

தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். பதிந்த பிறகு டிஷ் இருக்கும் அவர் மாடியே என்னுடையது என்பது வீட்டுக்குப் போனதும் உறைத்திருக்க வேண்டும். இப்போது அங்கே ஸ்பேனர் சத்தம் கேட்கிறது. டிஷ்ஷைக் கழற்றுகிறார்.