மூணு தடவை முங்குன மாப்ளைக்கு

எங்க மாப்ள சாமுவேலுக்கு, உங்களைக் கிண்டல் பண்ணியே வயசாகிப்போன மச்சான் எழுதறதுங்க. நல்லாயிருக்கீங்களான்னு கேக்கமாட்டேன். எங்களைவிட நல்லாத்தான் இருப்பீங்க.

நீங்க போயி நாளையோட ஒரு வருசமுங்க. போத்தனூர் சபையில நினைவுக் கூட்டம். ஒரு காயிதம் எழுதிப் படிங்கன்னு பாஸ்டரு சொன்னாரு. நான் நாலாங்கிளாசுங்கன்னேன். அப்பச் சுருக்கமா எழுதுங்கன்னாரு.

தங்கச்சி நல்லாயிருக்கறா. உங்க கல்லறைக்குக் கல்லு வெச்சாச்சு. அதுல வயசை ரெண்டு கொறச்சு வெட்டிப்போட்டாங்க. நீங்க சந்தோசப்படுவீங்கன்னு நானும் உட்டுட்டேன்.

நீங்க ஞானஸ்நானம் எடுத்தது மூணு தடவை. மொதல்ல மேட்டுப்பாளையத்துல ஆத்துல. அது செல்லாதுன்னு யாரோ சொன்னாங்கன்னு அடுத்தது ஒரு தோட்டத்துத் தொட்டியில. அப்பறம் நம்ம சபைக்குள்ள கட்டுன தொட்டியில. மூணு தடவையும் பக்கத்துல துண்டு புடிச்சுட்டு நின்னது நான்தான். மூணாவது தடவை நீங்க மேல வந்து மூஞ்சியத் தொடைக்கறப்போ, "ஏனுங்க மாப்ள, இன்னும் அழுக்குப் போகலீங்களா"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க சிரிக்கல. துண்டை மடிச்சு என்ற கையில குடுத்தீங்க.

பாஸ்டரு அன்னைக்கே சொன்னாருங்க. முங்கறது சாவு, எந்திரிக்கறது உசுரோட எழும்பறது, ஒருக்காப் போதும்னு. நாம ஆண்டவரு கையைப் புடிச்சா வழுக்கும், அவருதான் நம்ம கையைப் புடிச்சிருக்காரு, உடமாட்டாருன்னாரு. நீங்க தலையாட்டுனீங்க. ஆனா நம்பலைங்க. ஏன் நம்பலைன்னு அந்தக் கூட்டத்துல தெரிஞ்ச ஒரே ஆளு நான்.

இங்க கேக்கறவங்களுக்காகச் சொல்லிப்போடறேன். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லுல நாங்க ரெண்டு பேரும் வேலை செஞ்சோம். பஞ்சு குடோன்ல பீடி நெருப்புல தீப்புடிச்சுது. யாரு பீடின்னு கேட்டதுக்கு மாப்ள என்ற பேரைச் சொல்லிப்போட்டாரு. அப்பத்தான் தங்கச்சியக் கட்டியிருந்தாரு, வேலை போயிருமோன்னு பயம். எனக்கு வேலை போச்சு. யாரு சொன்னாங்கன்னு அப்பத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுல டீக்கடை போட்டேன். ரெண்டு வருசங்கழிச்சு மில்லு மேஸ்திரி டீ குடிக்க வந்தாரு, மாப்ளதான் சொன்னாருன்னு பேச்சுவாக்குல சொல்லிட்டுப் போனாரு.

தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கலைங்க. கோவம் ஒரு மாசத்துல போயிருச்சு. அதுக்கப்பறம் வேடிக்கைதான். பஸ்ஸுல சீட்டை எனக்குத்தான் உடுவீங்க, பந்தியில மொத எலை எனக்கு, கிறிஸ்துமஸ் நோம்பிக்குக் கோழி எனக்கு. நான் ஒவ்வொரு தடவை கிண்டல் பண்றப்பவும் என்ற மூஞ்சியவே பாப்பீங்க, இவனுக்குத் தெரியுமோன்னு. நாப்பது வருசம் நான் அதை ரசிச்சுட்டு இருந்தேன்.

ஆஸ்பத்திரியில கடைசியாச் சொன்னீங்க. "மச்சான், அது என்ற பீடிதானுங்க."

"தெரியுமுங்க மாப்ள, எப்பவோ தெரியும்"னேன்.

என்ற மூஞ்சியவே பாத்துட்டுக் கேட்டீங்க. "அப்பறம் ஏனுங்க சொல்லல?"

டீ வாங்கிட்டு வாரேன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். கடையில நின்னு என்ன சொல்றதுன்னு யோசிச்சுட்டுத் திரும்பி வந்தா, நீங்க கண்ணை மூடியிருந்தீங்க. அப்பறம் தொறக்கவேயில்ல.

ஆண்டவரு உங்களை என்னைக்கோ மன்னிச்சிருப்பாரு, அதுல எனக்குச் சந்தேகமில்லைங்க. நீங்கதான் என்னைய வெச்சு அவரை அளந்துட்டீங்க. மச்சான் வெளிய சிரிக்கறான், உள்ள என்ன வெச்சிருக்கறானோ, அவரும் அப்படித்தானோன்னு. எத்தனை தண்ணியில முங்குனா அது போகும்?

உங்க பாவம் ஒரு பீடி, ஒரு பொய்யி. என்ற பாவம் நாப்பது வருசம். எதுங்க பெருசுன்னு பாஸ்டரைக் கேட்டேன். ரெண்டுக்கும் ஆண்டவரு சிந்துனது ஒரே ரத்தம்தாங்கன்னாரு. சரி, ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. உங்ககிட்ட எப்படிக் கேக்கறது?

போன வாரம் தங்கச்சிகிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன். "மூணு தடவையும் நீதானண்ணா துண்டு புடிச்ச"ன்னா. ரெண்டு நாள் அவ ஊட்டுலயிருந்து கொழம்பு வரலைங்க. மூணாம் நாள் வந்துச்சு. மன்னிப்பா, மிச்சமான்னு நான் கேக்கல.

முன்னெல்லாம் உயிர்த்தெழுதல் பிரசங்கம்னா தூங்கிப்போடுவேன். இப்பத் தூங்கறதில்லைங்க. நீங்க எந்திரிக்காமப் போனா நான் யாருகிட்டப் போயி மன்னிப்புக் கேப்பேன்?

இப்ப இத்தனை பேரு கேக்கச் சொல்றேன்: மன்னிச்சாச்சுங்க மாப்ள. ஆஸ்பத்திரியில ஏன் சொல்லலைன்னு நீங்க கேட்டதுக்கும் பதில் சொல்லிப்போடறேன். நீங்க எனக்குப் பயந்து ஒதுங்கி ஒதுங்கி நின்னது எனக்கு நல்லா இருந்துச்சு. அதுதானுங்க, வேற காரணமில்ல.

கல்லறைத் தோட்டத்துல உங்க பக்கத்துலயே எனக்கும் எடம் சொல்லி வெச்சிருக்கறேன். உயிர்த்தெழுதல் அன்னைக்கு எழும்புனதும் ஆண்டவரைக் கும்புட்டுட்டு நேரா உங்ககிட்டத்தான் வருவேன். கிண்டல் பண்ணமாட்டேன். நீங்க வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லவேண்டாம். எனக்கு ஒரு துண்டு புடிச்சுட்டு நின்னாப் போதுமுங்க.

டீ வாங்கப் போயி லேட்டா வந்த,
உங்க மச்சான்