இறக்கி வைக்காத சொல்

வலாத்தா
ரஜப் பிறை ஆறு, ஹிஜ்ரி 741

என் தங்கை பெற்ற தாஸாவுக்கு,

உன் தாய்மாமன் அக்ஸில் சொல்லச் சொல்ல, பள்ளிவாசல் எழுத்தர் ஸில்லா எழுதும் ஸலாம். நீ இருக்கும் வீட்டில் பேரீச்சையும் நிழலும் குறையாதிருக்கட்டும்.

உன் கடிதம் நேற்று வந்த ஒட்டகக் கூட்டத்தோடு வந்து சேர்ந்தது. ஏழு வயதில் உன் அப்பாவின் ஒட்டகத்தில் ஏறிப் போனவள், பதினேழு வருஷம் கழித்துச் சொந்தக் கையால் எழுதுகிறாய். "எழுத்து என்னுதைவிட நல்லா இருக்கு" என்று ஸில்லா முகத்தைச் சுளித்தார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பாலை தாண்டி வடக்கே உன் ஊருக்குப் போகும் வழியில் எந்தக் கிணறு எத்தனை முழம், எந்த வருஷம் எதில் மண் சரிந்தது என்று கேள், தூக்கத்திலும் சொல்வேன். நாற்பது வருஷம் ஒட்டகக் கூட்டங்களுக்கு வழிகாட்டினவன் நான்.

உன் அப்பா மக்லூஃப் காலமானது கேட்டு மனம் கனத்தது. உப்பு வியாபாரத்தில் அவனைப் போல ஒரு நேர்மையான ஆளை நான் பார்த்ததில்லை.

இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். அம்மா இருக்கிறாளா? இருந்தால், ஏன் ஒரு நாளும் உன்னைத் தேடி வரவில்லை?

இருக்கிறாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் உன் அம்மா தமிமத் ஓரிடத்தில் உட்காரமாட்டாள். வடக்கே புழுதி எழுந்தால் மாடிக்கு ஏறுவாள். இறங்குவாள். மறுபடி ஏறுவாள். கையில் இருக்கும் கரண்டியையே வீடெல்லாம் தேடுவாள்.

உன் கடிதத்தைப் பார்த்தால், அம்மாவுக்கு வேறு ஆள் இருந்தான் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்திருக்கிறான் உன் அப்பன். அன்று நான் அங்கேதான் இருந்தேன், கேட்டுக்கொள். தெற்கே உப்பு விற்கப் போனவன் ஒரு மாதம் முன்னதாகவே திரும்பிவிட்டான். முற்றத்துக் கட்டிலில் உன் அம்மாவும் அவள் தோழன் ஹம்முவும் தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர்த் தோல்பை தைத்துக்கொண்டிருந்தேன்.

"யாரு இவன்?" என்றான் உன் அப்பன்.

"ஹம்மு. என் தோழன். வா, உக்காரு, பழம் இருக்கு" என்றாள் இவள்.

அவன் என் பக்கம் திரும்பினான். "மச்சான், இதையெல்லாம் பாத்துக்கிட்டுச் சும்மாவா இருக்கீங்க?"

"சும்மா எங்க இருந்தேன்? எனக்கும் ரெண்டு துண்டு குடுத்தாங்க மாப்ளே" என்றேன்.

வேலிக்கு அப்பால் நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். எங்கள் மஸூஃபா குலத்தில் பெண்ணுக்குத் தோழனும் ஆணுக்குத் தோழியும் உண்டு. உட்கார்ந்து பேசுவார்கள், எழுந்து போவார்கள், அவ்வளவுதான். உங்கள் ஊரில் அதைக் காதாலும் கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்தக் கிண்டலைச் செய்தேன். ஏழாம் நாள், ஒட்டகம் தண்ணீர் குடிப்பதைக் காட்டுகிறேன் என்று உன்னைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் திரும்பவில்லை.

அம்மா ஏன் வரவில்லை என்றால், எங்கள் பெண்கள் கணவன் பின்னால் பாலை தாண்டுவதில்லை. கிளம்பினாலும் வீட்டார் தடுப்பார்கள். வழக்கம் அது.

உன் மாமன்,
அக்ஸில்

—

ஸிஜில்மாஸா
ஜமாதுல் ஆகிர் பிறை இரண்டு, ஹிஜ்ரி 742

மரியாதைக்குரிய மாமா அக்ஸிலுக்கு, தாஸா எழுதுவது. அடுத்த கூட்டம் புறப்படும்வரை காத்திருந்ததில் பதில் இவ்வளவு தாமதமாகிவிட்டது. உங்கள் முழங்கால்களுக்கு வலி வராமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இந்த ஊரில் என்னை ஸுலைகா என்றுதான் கூப்பிடுகிறார்கள். தாஸா என்ற பேரை உங்கள் கடிதத்தில் பார்த்ததும், கதவை யாரோ தட்டியதுபோல எழுந்து நின்றேன்.

தர்ப்பூசணிக் கதையை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். பிறகு அழுதேன். இத்தனை வருஷம் அம்மாவை மனதுக்குள் எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறேன்! எல்லாம் ஒரு பழத்துக்காகவா?

மாமா, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், உங்கள் கையில் என்ன இருந்தது என்பதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கிறது. நான் கேட்டதற்கு மட்டும் "வழக்கம்" என்று ஒரே சொல். எனக்கும் ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளை யாராவது தூக்கிக்கொண்டு போனால் வழக்கம் என்று சொல்லி நான் மாடியில் நிற்பேனா? அம்மா கிளம்பினாளா, இல்லையா? யார் தடுத்தது?

இன்னொன்று. உங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுத்தர் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். அதை உங்களுக்குப் படித்துக் காட்டியிருக்கமாட்டார். "உன் கடிதம் வந்தது உன் தாய்க்குத் தெரியாது" என்று இருக்கிறது.

உண்மையா மாமா?

தாஸா

—

வலாத்தா
ஷஃபான் பிறை பத்து, ஹிஜ்ரி 742

தாஸாவுக்கு, மாமன் அக்ஸிலின் ஸலாம்.

உன் கடிதத்தை ஸில்லா படித்தார். அந்த ஓரத்து வரி வந்ததும் அவர் குரல் இறங்கிப்போனது.

"யோவ், நான் சொல்லாததை எதுக்குய்யா எழுதினீர்?"

"நீங்க சொல்லாததுதானே அந்தப் பொண்ணு கேட்டது?"

மூன்று நாள் நான் அவர் வாசலை மிதிக்கவில்லை. ஊரில் வேறு எழுத்தர்களும் இருக்கிறார்கள், தேடிப் பார்த்தேன். ஒருவன் குடிகாரன், ஒருவன் உன் அம்மாவின் கூட்டாளி மகன். வெட்கத்தை விட்டு இவரிடமே வந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போகிறேன், திரும்பி வருகிறேன். "மை காயுது" என்கிறார்.

சொல்கிறேன். நீ போன ஒன்பதாம் நாள் உன் அம்மா ஒட்டகத்தில் சேணம் வைத்தாள். உறவெல்லாம் கூடிக் கத்தியது. அதில் பெரிய குரல் என்னுடையது. நான் அவளுக்கு அண்ணன், வழிகாட்டி வேறு. நான் மாட்டேன் என்றால் எந்தக் கூட்டமும் அவளை ஏற்றாது. சேணத்தை என் கையாலேயே அவிழ்த்தேன்.

இதோடு முடிந்திருந்தால் வழக்கம் என்று சொல்லிவிடலாம்.

மூன்றாம் வருஷம் ஒரு கூட்டத்தை ஸிஜில்மாஸாவுக்கு அழைத்து வந்தேன். உன் வீட்டுக்கு வந்தேன் தாஸா. நீ பாடம் படிக்கப் போயிருந்தாய். உன் அப்பன் பால் கொடுத்து உட்காரவைத்தான். இளைத்துப்போயிருந்தான்.

"மச்சான், நான் கோவத்துல பண்ணிட்டேன். ஆனா நானா வந்து விடமாட்டேன், அங்க சிரிச்சது இன்னும் காதுல இருக்கு. அவ வரட்டும். வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும். புள்ளைய அனுப்பிடறேன். கூப்பிட்டா நானும் வர்றேன்" என்றான்.

"சொல்றேன்" என்று எழுந்தேன்.

மாலி அரசின் அதிகாரிகள் என் வாயில் சேதி வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு மாதப் பாதையில் ஒரு சொல் சிந்தாமல் கொண்டு சேர்த்தவன் நான். உன் அப்பன் சொன்னதையும் சிந்தாமல்தான் கொண்டுவந்தேன். ஆனால் இறக்கி வைக்கவில்லை. மாடியிலிருந்து உன் அம்மா ஓடி வந்து, "பாத்தியா? எப்படி இருக்கா?" என்றாள். "பாக்கல" என்றேன். அது பொய்யும் இல்லை.

தங்கையை வடக்கே அனுப்பினான் என்று குலம் பேசும், அதுதான் காரணம் என்று உன்னிடம் சொல்லலாம். அது பாதிதான். எங்களில் ஆணுக்கு வாரிசு தங்கை பிள்ளைதான். நீ போய்விட்டாய். அவளும் போய்த் திரும்பாவிட்டால் அந்த வீட்டில் நான் யார்? பயந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும், இவ்வளவு நாள் கழித்து எப்படிச் சொல்வது என்று பயந்தேன்.

நீ வந்துவிடு தாஸா. உன்னைப் பார்த்துவிட்டால் அவள் எதையும் கேட்கமாட்டாள்.

அக்ஸில்

—

ஸிஜில்மாஸா
ஜமாதுல் ஆகிர் பிறை ஐந்து, ஹிஜ்ரி 743

மாமா,

இந்த முறை வாழ்த்து எழுத வரவில்லை, மன்னியுங்கள்.

நான் வரமாட்டேன். வந்தால் உங்களுக்கு எளிதாகிவிடும். மகளைக் கண்ட மகிழ்ச்சியில் அம்மா எதையும் கேட்கமாட்டாள், நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

அப்பா ஒவ்வொரு பனிக்காலத்திலும் தெற்கு வாசலுக்குப் போய் நிற்பார். சரக்கு பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். வாங்காமலே வருவார். "உங்கம்மாவுக்கு மனசு வரல" என்று ஒரு தடவைதான் சொன்னார். அவர் செத்தது அந்த நினைப்போடு.

அப்பா சொன்ன சொல் இன்னும் அப்படியே இருக்கிறது. இப்போது இந்த வீட்டுக் கதவு என்னுடையது. அந்தச் சொல்லை அம்மாவிடம் சேர்த்துவிடுங்கள். சேர்க்கும்வரை எனக்கு எழுதவேண்டாம்.

தாஸா

—

வலாத்தா
ஷஃபான் பிறை இருபது, ஹிஜ்ரி 743

தாஸாவுக்கு,

சேர்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மூன்று கடிதங்களையும் எடுத்துக்கொண்டு உன் அம்மாவிடம் போனேன். அடுப்பருகில் தினை புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். முறத்தை நிறுத்தவில்லை.

"எந்த வருஷம்?" என்றாள்.

"மூணாவது வருஷம்."

"அப்ப அவளுக்குப் பத்து வயசு."

"ஆமா."

"பதினாறு வருஷமா இதை வயித்துல வச்சுக்கிட்டு என் கையால சாப்பிட்டிருக்க."

முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு நேரே ஹம்மு வீட்டுக்குப் போனாள். "ரெண்டு ஒட்டகம் வேணும்" என்றாளாம். "எங்க போற?" என்றானாம். "என் பொண்ணு வீட்டுக்கு."

மறுநாள் உறவெல்லாம் திரண்டுவிட்டது. "நம்ம பொண்ணுங்க எப்ப பாலை தாண்டினாங்க? அக்ஸில், நீ தடுக்கமாட்டியா?" என்று என் சித்தப்பா மகன் குதித்தான். "ஒரு தடவை தடுத்தாச்சு. ஒரு ஆயுசுக்கு அது போதும்" என்றேன். எந்த வழிகாட்டியும் தயங்கவேண்டாம் என்று நானே வீடு வீடாகப் போய்ச் சொல்லி வந்தேன்.

நானே அழைத்துப் போகிறேன் என்றும் கேட்டேன். "நீ கூட வந்தா, முன்னால எந்தக் கிணத்தை மறைக்கிறியோன்னே பாத்துக்கிட்டு வரணும். வேணாம்" என்றாள். வேறு ஒரு வழிகாட்டியோடு போகிறாள். அவனிடம் கிணறுகளை இரண்டு நாள் ஒப்பித்தேன். வழியில் உப்புச் சுரங்கம் இருக்கும் தகாஸாவில் தண்ணீர் கரிக்கும், அங்கே அதிகம் குடிக்காதே என்று அவளுக்குச் சொன்னேன். காதில் வாங்கினாளா, தெரியவில்லை.

ஹம்முவும் கூட வருகிறான். வாயில் ஒரு பல் இல்லை. உன் கணவர் அவனை உள்ளே விடாவிட்டாலும் பரவாயில்லை, வாசலில் உட்காரவைத்து நல்ல தண்ணீர் கொடு.

கூட்டம் விடியலில் புறப்படுகிறது. ஸில்லா அவசரப்படுத்துகிறார். திரும்பி வருவாளா என்று நான் கேட்கவில்லை. இனி மாடி ஏறுவது என் முறை. இந்த முழங்காலோடு ஏறி இறங்கிப் பழக வேண்டும்.

இந்தக் கடிதத்தை வேறு யார் கையிலும் கொடுக்கப்போவதில்லை. கடிதம் எழுதித் தருகிறேன் என்றதும், "என் கையிலயே குடு" என்றாள் முகத்தைப் பார்க்காமல். என்ன எழுதப்போகிறேன் என்றும் கேட்கவில்லை.

ஆகையால் தாஸா, இவ்வளவு தூரம் படித்துவிட்டாய் என்றால், கடிதம் கொண்டுவந்தவளை வாசலிலேயே நிறுத்திவைத்துக்கொண்டு படிக்கிறாய். கீழே வை. நிமிர்ந்து பார்.

அக்ஸில்