ட்ரம் மாடியிலேயே இருக்கும்

ஜெயந்த்,

சாம்பார் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு.

நாற்றம் என்று புகார் வந்ததால் காலையில் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் செக்ரட்டரி மாடியிலுள்ள என் சாண எரிவாயு ட்ரம்மைப் பார்க்க வருகிறார். நேற்று அவரிடம், "எடுத்துடறோம் சார்" என்று என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டாய். நான் எடுக்க மாட்டேன்.

நாற்றத்துக்குக் காரணம் ட்ரம் இல்லை. மிச்ச ரசத்தையும் புளிச்சக்கையையும் நீ அதில் கொட்டினாய். காய்கறிக் கழிவைத் தின்று வாயு தருகிற நுண்ணுயிர்களுக்குப் புளிப்பு ஆகாது. அவை சோர்ந்துபோனால் கழிவு புளித்து நாறும். சில நாள் எதுவும் போடாமல், புதுச் சாணம் கரைத்து ஊற்றினால் தேறிவிடும். அதற்குத்தான் விடியுமுன்பே போவன்பள்ளி மாட்டுக் கொட்டகைக்குப் போகிறேன்.

அவருக்கு டீ போடு. சிலிண்டர் அடுப்பில் வேண்டாம், ட்ரம் குழாய் வரும் அடுப்பில் போடு. அந்த அளவுக்கு வாயு இருக்கிறது. நீலமாக எரிவதை அவர் பார்க்கட்டும்.

ஹம்சா

உனக்கும் ஒரு கப் ஊற்றிக்கொள். கோபம் ட்ரம் விஷயத்தில் மட்டும்தான்.

மூடியைத் திறக்கச் சொன்னால் திறக்காதே, உள்ளே காற்று படக்கூடாது. ஏன் என்று கேட்டால் உட்காரவை. நான் வந்து முதலிலிருந்து விளக்குகிறேன். அவருக்குப் புரிகிறவரை ட்ரம்மும் நானும் இங்கேதான் இருப்போம்.