ஆசிட்டை அளவாய் ஊற்றியவளுக்கு

என் செல்லத் தங்கை கமலாவுக்கு,

நீ போய் ஏழு மாதமாகிவிட்டது. ரப்பர் தோட்டத்து ஆலையில் உன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அம்மா இன்னமும் காலையில் உனக்கும் சேர்த்துத் தேநீர் கலக்கிவிட்டு நிற்கிறாள். என் ஆய்வேடு முடிந்துவிட்டது, பேராசிரியர் கையெழுத்தும் பைண்டிங்கும்தான் பாக்கி. மனசுதான் ஆறவில்லை.

போன தீபாவளி லீவில் நம் ஊர் கெமாஸுக்கு வந்தபோது அடுப்படியில் உன்னிடம் புலம்பினேனே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்கிற நூல். நீட்டினால் ஆள் உயரத்தைத் தாண்டும். முழுக்க ஒரே மின்னேற்றம் என்பதால் தன்னைத்தானே தள்ளிக்கொள்ளும். எதிர் மின்னேற்றமுள்ள புரதங்கள்தான் அதைச் சுருட்டி அடக்குகின்றன. இதைப் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் எப்படி விளங்கவைப்பேன் என்று கேட்டேன்.

நீ மீன் கழுவிக்கொண்டே சொன்னாய்: "நம்ம ரப்பர் பால் மாதிரிதான்லா அண்ணே. அம்மோனியா இருந்தா பால்ல உள்ள துளியெல்லாம் ஒண்ணையொண்ணு கிட்ட சேர்க்காது. ஆசிட் ஊத்துனா தள்ளுறது நின்னு கட்டிக்கும். ஆனா அளவா ஊத்தணும். கூடிப்போச்சுன்னா கல்லாயிடும், மெஷின்ல போவாது."

அந்த 'அளவா'தான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரேயடியாக இறுக்கிவிட்டால் செல்லால் அந்த நூலைப் பிரித்துப் படிக்க முடியாது. பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். இத்தனை வருஷம் படித்த எனக்கு அது வாயில் வரவில்லை.

கருத்தரங்கில் அதையே மலாய் மொழியில் சொன்னேன். பச்சைப் புடவையில் நீ கடைசி வரிசையில் இருந்தாய். "இந்த உதாரணம் எப்படித் தோன்றியது?" என்று பேராசிரியர் கேட்டார். அப்பா தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என்று அங்கே எல்லாரிடமும் புளுகி வைத்திருந்தேன். நீ ஆலையில் வேலை செய்வதைச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். "சும்மா யோசித்தேன், தோன்றியது" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் நீ ஒன்றுதான் கேட்டாய். "ஏண்ணே, என் தங்கச்சி சொன்னான்னு சொன்னா என்னா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த மாதமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டே போனாயா, மறந்துவிட்டாயா? யாரிடம் போய்க் கேட்பேன்?

நேற்று இரண்டாம் அத்தியாயத்தில் எழுதிச் சேர்த்தேன்: 'இந்த விளக்கம், ரப்பர் ஆலையில் ஆசிட் கலக்கிய என் தங்கை கமலாவுடையது.' பேராசிரியர் சிரித்தார். "வீட்டாருக்குத்தான் நன்றியுரை இருக்கிறதே, அங்கே போடுங்கள்."

"சமைத்துப் போட்டதற்கு அம்மாவுக்கு அங்கே நன்றி சொல்லியிருக்கிறேன் சார். இது கமலாவின் யோசனை" என்றேன். அப்பா கிராணி இல்லை, பாலுக்கு ரப்பர் மரம் சீவுகிறவர் என்பதையும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். ஆய்வேட்டில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

பட்டம் தள்ளிப்போனால் போகட்டும். அந்த வரி இல்லாமல் ஆய்வேடு பைண்டிங்குக்குப் போகாது, கமலா.

அன்று பஸ்ஸில் வாய் திறக்காத
உன் அண்ணன்,
பாலன்