கவுண்டரில் பேசாத மொழி

அன்புள்ள கிஸ்லேனுக்கு,

உன் இருமல் குறைந்ததா? லியேஜில் குளிர் அதிகம் என்கிறார்கள், வெளியே போகாதே. நான் சுகம். நம் எஃகு ஆலையை மூடியவர்கள் புண்ணியத்தில், இந்தத் துறைமுக வேலையில் உடம்பு கருகுவதில்லை.

நமக்கு அரசு வீடு கேட்டு இங்கே, நம் நாட்டின் டச்சுப் பாதியில் உள்ள நகராட்சிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் பிரெஞ்சில் கேட்டேன். டச்சில் பதில் சொன்னாள். மறுபடி கேட்டேன், மறுபடியும் டச்சு. எதுவும் புரியாமல் வெளியே வந்தேன்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அசல் லியேஜ் இழுவையில் பிரெஞ்சு பேசினாள்.

"மன்னிச்சுக்கங்கண்ணே, எங்கம்மா உங்க ஊர்தான். கவுண்டர்ல பிரெஞ்சு பேசினா என் வேலைக்கே உலை வச்சுடுவாங்க, சட்டம் அப்படி."

"வீடு?"

"நீங்களும் அண்ணியும் டச்சு படிக்கணும். அப்படியும் வரிசை பெரிசு. நம்பி இருக்காதீங்க."

சிரித்துவிட்டேன். ஒரே ராஜா, ஒரே பணம், மொழிக்கொரு அரசாங்கம்.

மகள் தூக்கிப்போட்ட டச்சுப் பாடப்புத்தகம் பரணில் கிடந்தால் அனுப்பு. கூடவே ஒரு டப்பா பேரிக்காய்ப் பாகு. இந்த வயதில் என் நாக்கு திரும்பாது, உனக்கே தெரியும். பாகையாவது அனுப்பு.

ஷிஃப்டுக்கு நேரமாகிறது. தப்பாக நினைக்காதே கிஸ்லேன், இப்போதெல்லாம் சாயங்காலம் நம் ஊர்ப் பேச்சு காதில் விழாதா என்று என் பஸ்ஸை விட்டுவிட்டு அந்த நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவள் தினமும் தோழியோடு வருகிறாள். இருவரும் டச்சில் பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போகிறார்கள்.

உன்
அர்மான்