அதே எடைக் குழாய்

கும்மிடிப்பூண்டி,
சனிக்கிழமை காலை.

ஹேமநாத்துக்கு,

பேக்கிங் ஷெட் கூரையில் குழாயோடு குழாய் சேரும் அந்த ஜாயிண்டுகளை நீ கணக்குப் போட்டுப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே சரி என்று சொல்லிவிட்டு மஸ்கட்டுக்கு விமானம் ஏறினாய். இப்போது கட்டின மனைவியின் போனையும் எடுப்பதில்லை. அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். அத்தை நலம். மழை தொடங்கிவிட்டது.

ஷெட்டின் கூரையைத் தாங்கும் குழாய்ச் சட்டங்களில், அந்த டிரஸ்களில், ஒன்று தொய்ந்துவிட்டது. வெல்டிங் சரியில்லை என்று மேனேஜர் ராஜமாணிக்கம் வெல்டர் மோசஸை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். தரம் பார்ப்பது என் வேலை, ஏறிப் பார்த்தேன். வெல்டில் ஒரு கீறல்கூட இல்லை. சாய்வுக் குழாய் வந்து அழுத்தும் இடத்தில் கீழ்க்குழாயின் முகம்தான் உள்ளே குழிந்திருக்கிறது, எண்ணெய் டின்னைக் கட்டைவிரலால் அமுக்கின மாதிரி. ஸ்டீல் ஸ்கேலை அதன்மேல் வைத்தால் அடியில் வெளிச்சம் தெரிகிறது. பக்கத்து டிரஸ்ஸிலும் குழி விழத் தொடங்கியிருக்கிறது.

ஏன் என்று உனக்குத் தெரியும். நீ டிசைனில் போட்ட குழாய் கிடைக்கவில்லை என்று ராஜமாணிக்கம் போன் செய்தபோது நாம் பெரியபாளையம் கோயிலில் இருந்தோம். உன் விசாவுக்காக அத்தை வேண்டிக்கொண்ட பொங்கல் அடுப்பில் இருந்தது. அகலம் கூடின, தகடு மெலிந்த குழாய் இருக்கிறது, எடை அதேதான், போடலாமா என்று கேட்டார். எடை ஒன்றென்றால் பலமும் ஒன்றுதான், போடுங்கள் என்றாய். நீளவாட்டில் குழாய் தாங்கும், சரி. குழாய்மேல் குழாய் உட்காரும் இடத்தில் தாங்குவது அந்த மெல்லிய தகடு மட்டும்தானே? காலேஜில் பரீட்சைக்கு முந்தின நாள் இதை எனக்கு விளக்கியவனே நீதான்.

ஷெட்டைக் காலி செய்யச் சொன்னேன். "டிசைன் பண்ணது உன் ஊட்டுக்காரரு. அவரு சொல்லட்டும்மா, நிறுத்திடறேன்" என்று சிரித்தார் ராஜமாணிக்கம். தொய்ந்த டிரஸ்ஸுக்கு ஒரு கம்பத்தை முட்டுக் கொடுத்துவிட்டு லைனை ஓட்டுகிறார்கள். மோசஸை வேறு எந்தக் கம்பெனியும் சேர்ப்பதில்லை.

நேற்று ஈஸ்வரி அக்கா அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே, "இன்னாம்மா, எப்பப் பாத்தாலும் மேலயே பாத்துக்கினு கீற? சாமி தெரியுதா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நாளைக்கு வேலைக்கு வராதீர்கள் அக்கா என்றேன். வராவிட்டால் சம்பளம் யார் தருவது, நீயா என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால் உன் பேர் கெடும், அங்கே வேலையும் போகும். போகட்டும். இங்கே ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு பஸ் நிறையப் பெண்கள் அந்தத் தகட்டின் கீழே நிற்கிறார்கள்.

நான் மஸ்கட் வர எடுத்த டிக்கெட்டை அனுப்பியிருக்கிறாய். போனை எடுக்க முடியாதவனுக்கு அதற்கு மட்டும் நேரம் இருந்திருக்கிறது. அதைப் பற்றி இப்போது பேசமாட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

ராஜமாணிக்கத்தைக் கூப்பிடு. ஜாயிண்டைப் பார்க்கவில்லை, ஆட்களை வெளியே அனுப்புங்கள் என்று உன் வாயால் சொல். மதிய ஷிப்ட் உள்ளே போவதற்குள் சொல்.

தேவதர்ஷினி